பிறருக்கு என்ற சொல்

அகரம்
8.6.2025

அன்புள்ள ஜீவிதாவுக்கு,

நலமா? அத்தைக்கு முட்டுவலி தேவலையா? அம்மா வீட்டோடு போனதிலிருந்து, கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் திண்டுக்கல்லில் ஒரு சங்கத்தார் மேடையேற்றி ஷீல்டு கொடுத்தார்கள். போன வருஷம் பிரசவ வலியில் துடித்த பக்கத்துத் தெரு அஃப்சானாவை என் வேனில் ஆஸ்பத்திரி சேர்த்ததற்காக. அதில் 'ஆல்ட்ருயிசம்' என்று பொறித்திருக்கிறது. அர்த்தம் கேட்க அங்கே வெட்கமாக இருந்தது. நீ இங்கிலீஷ் டீச்சர். சொல்வாயா?

காமராஜ்

குஜிலியம்பாறை
14.6.2025

அன்புள்ளவருக்கு, ஜீவிதா எழுதுவது.

அம்மா பரவாயில்லை. தன்னலம் பாராமல் பிறர் நன்மையை நாடுவதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். கோம்ட் என்ற பிரெஞ்சு அறிஞர், தன்னலத்துக்கு எதிர்ச்சொல் வேண்டுமென்று உண்டாக்கியது. 'பிறருக்கு' என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து எடுத்தாராம். பிறகு இங்கிலீஷுக்கு வந்தது.

வகுப்பென்றால் இத்தோடு முடித்துவிடுவேன். அஃப்சானா வந்து கதவைத் தட்டிய அன்று காலையில், நம் வீட்டுக்கு வந்திருந்த அப்பாவைக் காட்டி, "அப்பாவுக்கு நெஞ்சை அடைக்குதாம், வண்டிய எடுக்காதீங்க" என்றேன். "செத்த நேரத்துல வாரேன்" என்று போனீர்கள். நீங்கள் திரும்புவதற்குள் அப்பா போய்விட்டார். அந்தப் 'பிறரில்' நாங்கள் சேர்த்தியில்லையா என்று ஒருநாள் உங்களைக் கேட்கவேண்டும் என்றிருந்தேன்.

கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. குழந்தை பிழைத்தது என்று சொன்னார்கள். அது போய் அப்பா இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். பச்சைக் குழந்தையை. இந்த மனசை வைத்துக்கொண்டு உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதனால்தான் போனை எடுப்பதில்லை.

ஜீவிதா

அகரம்
19.6.2025

ஜீவிதா,

அதையே நானும் நினைத்தேன். மாமாவைத் தூக்கிப் போகும்போது, அஃப்சானா வேறு யார் வீட்டுக் கதவையாவது தட்டியிருக்கக் கூடாதா என்று. மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். வாயுப்பிடிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடையில் கைதட்டியபோது தலை நிமிரவில்லை, அடக்கம் என்றார்கள்.

தலைத்திவசத்துக்கு வரட்டுமா? பந்தியில் உட்காரமாட்டேன். ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறேன்.

காமராஜ்

குஜிலியம்பாறை
24.6.2025

அன்புள்ளவருக்கு,

வாருங்கள். ஓரமாக நிற்கவேண்டாம், மருமகன் நிற்கிற இடத்தில் நில்லுங்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னார்கள். அகரத்துக்குத் திரும்பி வருகிறாயா என்று மட்டும் அன்றைக்கு என்னைக் கேட்காதீர்கள்.

ஜீவிதா