அங்கே தெரிய வேண்டிய கேமரா

அக். 6, திங்கள்

காலையிலேயே மழை. புதுவாயலில் கம்பெனி பஸ் இருபது நிமிடம் லேட். செருப்பெல்லாம் சேறு.

ஆயுத பூஜை லீவு முடிந்து முதல் நாள். மேஜை, கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர்வரை காய்ந்த சந்தனம். புது மெஷினைப் பூஜை போடாமல் ஆன் பண்ணக் கூடாது என்பது எங்கள் ஷெட் சட்டம். பூஜைக்கு முதல் நாள் வந்த குட்டி மைக்ரோஸ்கோப் கேமராவுக்குப் பெட்டிக்குள்ளேயே பூஜை. சர்ச்சுக்குப் போகிற நான்தான் வருஷா வருஷம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறவள். கை நேர்த்தி என்று பேர்.

தேவராஜ் சார் கூப்பிட்டார். குவாலிட்டி சூப்பர்வைசர், சிரிக்காத மனிதர். வெள்ளிக்கிழமை மதியம் ஜெர்மனி கஸ்டமர் ஆன்லைனில் நாம் செய்கிற குட்டிப் பித்தளை முனையைப் பார்க்கப் போகிறாராம். கேமராவுக்கு அடியில் வைத்துக் காட்ட வேண்டியது நான். அவருக்குத் திருப்தி என்றால் செக்கிங் இங்கேயே நடக்கும், எனக்கு பர்மனெண்ட். இல்லையென்றால் செக்கிங் மொத்தமும் எங்கள் ஒரகடம் பிளான்ட்டுக்குப் போகும், நான் திரும்பவும் பேக்கிங்.

ஐந்து வருஷமாக கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் என்றால் ஐ.டி. கார்டுக்கு மஞ்சள் நாடா. பர்மனெண்ட் என்றால் நீலம். கேன்டீனில் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நாடாவைத்தான் பார்ப்பார்கள்.

செய்ய வேண்டியவை:
- கேமராவை ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிய வைக்க
- நகம் வெட்ட
- இங்கிலீஷில் பத்து வரி மனப்பாடம்
- வீட்டுக்காரர் அருளுக்கு இருமல் மருந்து (இவர் தானாக வாங்கமாட்டார்)

அக். 7, செவ்வாய்

வெயில். கேமரா தெரியவில்லை.

டிராயிங், மீட்டிங் எல்லாமே சென்னை ஹெட் ஆபீஸில் இருக்கும் வெர்ச்சுவல் மெஷினில்தான் திறக்க வேண்டும் என்பது ரூல். ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் போகிறோம். என் மேஜைக் கம்ப்யூட்டர் சும்மா ஜன்னல் மாதிரி. கேமரா ஜன்னலுக்கு இந்தப் பக்கம், மீட்டிங் அந்தப் பக்கம். அங்கே போய் மீட்டிங்கைத் திறந்தால் 'கேமரா இல்லை' என்கிறது. கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இல்லையாம்.

பேக்கிங் குமாரி அக்கா டீயோடு வந்தார்.

"இன்னாடி ஜெனி, அந்த கம்ப்யூட்டரு எங்கதான் கீது?"

"மெட்ராஸ்ல கீதுக்கா. ஆனா தனியா பொட்டியா கெடையாது. ஒரே பெரிய மெஷினுக்குள்ள நாப்பது கம்ப்யூட்டரு மாதிரி."

"கீதுன்ற, இல்லன்ற. பேஜாரா கீதே! நீ டீய குடி."

அக். 8, புதன்

ஹெட் ஆபீஸ் ஐ.டி. பாஸ்கர் போனில். குரல் நல்ல குரல், பொறுமைதான் கம்மி.

"மேடம், கனெக்ட் பண்றதுக்கு முன்னாடியே டிக் அடிக்கணும். உள்ள போய்க்கினு தேடினா எப்படி கிடைக்கும்?"

முழுதும் டிஸ்கனெக்ட். கனெக்‌ஷன் பெட்டியில் லோக்கல் ரிசோர்சஸ். பிரிண்டருக்கு டிக். 'மோர்' அழுத்தினால் கீழே ஒரு பட்டியல், அதில் வீடியோ சாதனங்கள். என் கேமரா பேர் அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. டிக். திரும்ப கனெக்ட்.

முதலில் பிரிண்டர் பார்த்தோம். சென்னை மெஷினில் பிரிண்ட் கொடுத்தேன், என் முழங்கை பக்கத்தில் தாள் வந்து விழுந்தது. சுடச்சுட. குமாரி அக்கா கை தட்டிவிட்டார். எனக்கும் தட்ட வேண்டும் போல இருந்தது, சார் இருந்தார்.

அப்புறம் கேமரா. பேர் வந்துவிட்டது! படம் வரவில்லை. திரை முழுக்க ஒரே மஞ்சள்.

பாஸ்கர்: நெட் ஸ்லோ. நாளைக்குப் பார்க்கலாம்.

அருள் மருந்து குடிக்கவில்லை.

அக். 9, வியாழன்

டிக் எடுத்தேன், போட்டேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ரீஸ்டார்ட் மூன்று தடவை. மஞ்சள்.

சார் வந்து பின்னால் நின்றார். "இன்னாம்மா, ஒரகடத்துக்கு சொல்லிடவா? நாலு மணிக்குள்ள சொல்லு."

எனக்கு அந்த நீல நாடா வேண்டும். ஆசையாக இருக்கிறது என்று இங்கே எழுதுவதில் என்ன வெட்கம்.

சாப்பிடப் போகவில்லை. பாஸ்கருக்கு நாலு தடவை போன், எடுக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் ரிமோட்டை மூடிவிட்டு, என் கம்ப்யூட்டரிலேயே கேமராவைத் திறந்தேன். இங்கேயும் மஞ்சள்!

அப்படியென்றால் கோளாறு சென்னையில் இல்லை. நெட்டில் இல்லை. டிக்கில் இல்லை. என் மேஜையில்.

கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். லென்ஸ் நடுவில் வட்டமாக, அழகாக, நேர்த்தியாக ஒரு சந்தனப் பொட்டு. நான் வைத்தது. அன்று பெட்டிக்குள் மல்லாந்து கிடந்தது, மேலே மூடி இருக்கிறது என்று நினைத்தேன். மூடி இல்லை.

சிரிப்பை அடக்க முடியவில்லை. தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். துடைக்கிற துணியில் இரண்டு சொட்டு ஸ்பிரிட், மூன்று துடைப்பு. பித்தளை முனை பளபளவென்று வந்தது. ரிமோட்டில் போய்ப் பார்த்தேன், அங்கேயும் அதே பளபளப்பு.

சாரிடம் "சரியாயிடுச்சு சார்" என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. பாஸ்கர் சாயங்காலம் போன் பண்ணி, "நான் நெட்டை கொஞ்சம் டைட் பண்ணேன் மேடம், இப்ப வருதா?" என்றார். நன்றி சொன்னேன்.

அக். 10, வெள்ளி

வெள்ளிக்கிழமை பூஜை. குங்குமம் என் கையில் கொடுத்தார்கள். கேமராவுக்கு வேண்டாம் என்றேன். "அதுக்கு மட்டும் வக்காம வுடுவியா?" என்று குமாரி அக்கா. ஸ்டாண்டின் காலில் வைத்தேன். நல்ல தூரத்தில்.

மீட்டிங். ஜெர்மனிக்காரருக்கு வெள்ளைத் தாடி. முனையைத் திருப்பச் சொன்னார். கையுறையில் வழுக்கியது, கழற்றிவிட்டுத் திருப்பினேன். திரையில் என் கட்டைவிரல், பூசணிக்காய் அளவு, ரேகைக்கு ரேகை சிவப்பு.

அவர் பதறி, ரத்தமா என்று கேட்டார். பத்து வரி மனப்பாடத்தில் இது இல்லை. "நோ சார், பூஜா. ஃபார் கேமரா" என்றேன். அவர் புரியாமல் சாரைப் பார்க்க, சார் விளக்க, அவர் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. படம் இவ்வளவு துல்லியமாக இருக்கிறதே, போதும் என்றார். அடுத்த லாட்டையும் இந்த அம்மாவே காட்டட்டும் என்றார்.

தேவராஜ் சார் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். ஒரு பக்கம் பல் இல்லை, பாவம்.

அக். 11, சனி

லீவு. துணி துவைத்தேன். அருள் தானாகவே மருந்து குடித்தார்!

பதினொரு மணிக்கு சார் போன். "திங்கக்கெழம ஆதாரு, பேங்க் புக்கு, ரெண்டு போட்டோ எடுத்துக்கினு வாம்மா. நீல நாடா கார்டு போடணும்."

போனை அருள் கையில் கொடுத்துவிட்டு அழுதேன். அவர் பயந்துபோய் சார் நம்பருக்கே திரும்ப அடித்து, "இன்னா சார் சொன்னீங்க எங்க ஊட்டுக்காரியாண்ட?" என்று கேட்டுவிட்டார்.

சாயங்காலம் ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும். எந்தப் புடவை? பச்சை இருக்கிறது, ஊதா இருக்கிறது. எதுவானாலும் சரி, மஞ்சள் மட்டும் வேண்டாம்.