நான்காவது பெயர்

நவம்பர் 15, செவ்வாய்

இன்று காலை சோளக் கஞ்சிப் பொட்டலத்தின் பின்பக்கம் முழுவதையும் படித்தேன். எத்தனை பங்கு தண்ணீர், எத்தனை நிமிடம், உப்பு எப்போது. எழுபத்து மூன்று வயது வரை இதே கஞ்சிதான். உப்பைக் கடைசியில் போடச் சொல்லியிருக்கிறார்கள். நான் முதலிலேயே போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மகள் வெர்லீனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்பா, அதையெல்லாம் யாரும் படிக்கிறதில்ல" என்றாள். யாரும் படிக்காததை நான் படித்துவிட்டேன்!

நூலகத்தில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரும் டனவே டீச்சர் தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். நாலு வரி எழுதுவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

எங்கள் ஊர்க் கல்லூரியின் ஃபுட்பால் அணி, கொக்குகள், பத்து ஆட்டம் ஆடிப் பத்தையும் ஜெயித்திருக்கிறது. இன்னும் மூன்று. அதையும் ஜெயித்தால் சாம்பியன் பட்டத்துக்கு மோதும் நாலு அணிகளில் நாங்களும் ஒன்று. டிசம்பர் நாலாம் தேதி, ஞாயிறு மதியம், தேர்வுக் குழு அந்த நாலு பெயரைச் சொல்லும். அந்த நேரம் ஊரே சர்ச்சில் இருக்கும். பட்டியல் போனில் வந்ததும் சபைக்கு முன்னால் நான்தான் வாசிக்க வேண்டும் என்று பாஸ்டர் என்னிஸ் சொல்லிவிட்டார்.

நானா?

நவம்பர் 19, சனி

கால் போய்விட்டது. பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிற பையன் லாண்ட்ரி. கீழே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அறுபதாயிரம் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் கடலை விற்கிறவனின் காலடிச் சத்தம் கேட்டது.

ஆட்டத்தை ஜெயித்தோம். பதினொன்று. யாரும் கத்தவில்லை.

பக்கத்து வீட்டு கிளீட்டஸ் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான். அவன் எங்களுக்குப் போட்டியான காளைகள் அணியின் ஆள். அவர்கள் ஒரு ஆட்டம் தோற்றிருக்கிறார்கள்.

"ஹோசியா, உங்க கொக்குக்கு ஒரு கால் போச்சேப்பா."

"கொக்கு எப்பவும் ஒத்தைக் கால்லதாண்டா நிக்கும்."

நவம்பர் 21, திங்கள்

பெட்ரோல் பங்க் பலகையில் விலைக்கு மேலே எழுதியிருந்தது: கொக்கு ஒற்றைக் காலில்தான் நிற்கும். வண்டியில் உட்கார்ந்தபடி நானே படித்தேன். என் வாயிலிருந்து வந்த சொல். பின்னால் ஒருவன் ஹார்ன் அடிக்கும் வரை படித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 24, வியாழன்

நன்றி நாள் விருந்தில் வான்கோழி தின்ற மயக்கம். ஆனாலும் இதை எழுத வேண்டும்.

முப்பத்தோரு வருடம் அந்த மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டவன் நான். மைதானத்தின் கடைக்கோடிக் கட்டத்தில் அணியின் பெயரையும் நான்தான் எழுதுவேன். எழுதுவேன் என்பது தப்பு. ஆங்கில எழுத்து வெட்டிய பலகை ஆறு உண்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் எண் இருக்கும். எண் எனக்குத் தெரியும். வரிசையாக வைத்து வெள்ளை அடிப்பேன். ஒரு வருடம் கொட்டகைக்குள் மழை புகுந்து எண்கள் அழிந்துபோயின. பழக்கத்தை நம்பி வைத்தேன். இரண்டு எழுத்து இடம் மாறிவிட்டது. டிவியில் நாடே பார்த்துச் சிரித்தது.

காற்று பலகையை நகர்த்திவிட்டது என்று சொன்னேன். ஆறு பலகையில் இரண்டை மட்டும் எடுத்து மாற்றி வைத்த காற்று! யாரும் நம்பவில்லை. யாரும் மேலே கேட்கவும் இல்லை. அதுதான் இத்தனை வருடமாக வலி.

டிசம்பர் நாலாம் தேதி வாசிக்கிறேன் பார்.

டிசம்பர் 3, சனி

பதின்மூன்று! லாண்ட்ரிக்குப் பதில் இறங்கிய பையனை வைத்தே ஜெயித்தோம். அழகான ஆட்டம் என்று சொல்ல முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று.

வேலியில் கிளீட்டஸ். காளைகளும் இன்று ஜெயித்துவிட்டார்கள். ஆனாலும் அவனே சொன்னான்: "தோக்காதவன வெளிய நிறுத்துற வழக்கம் எங்கயாச்சும் உண்டா? எங்களுக்கு அஞ்சாவது இடம்தான், போ."

கொக்குகள் என்று இருபது தரம் எழுதிப் பார்த்துவிட்டேன். நீலக் கழுத்துப் பட்டையை வெர்லீன் தேய்த்து வைத்திருக்கிறாள்.

டிசம்பர் 4, ஞாயிறு

மெதுவாக எழுதுகிறேன்.

டீக்கன் ரூபன் தன் போனில் எழுத்தைப் பெரிதாக்கி என் கையில் கொடுத்தார். பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "பிரதர் ஹோசியா, நிதானமா வாசிங்க" என்றார். வாசித்தேன். முதல் பெயர். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் சபை "ம்" கொட்டியது. நான்காவதுக்கு எல்லோரும் பாதி எழுந்துவிட்டார்கள்.

காளைகள் என்று வாசித்தேன்.

சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். ஆனால் சிரிப்பு. பாட்டுக் குழுவிலிருந்து ஒடெசா அக்கா, "பிரதர், கண்ணாடியத் தொடச்சுட்டுப் படிங்க. இது காத்து அடிக்கிற எடமில்ல" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. இருபது வருடம் ஆகியும் அந்தக் காற்றை யாரும் மறக்கவில்லை.

கண்ணாடியைத் துடைத்தேன். எங்கள் பெயரின் முதல் எழுத்து, H, ஏணி மாதிரி இருக்கும், இரண்டு கால், நடுவே ஒரு கட்டை. முப்பத்தோரு வருடம் வெள்ளை அடித்த எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். நாலு பெயரில் எங்கேயும் ஏணி இல்லை.

தப்பாப் படிச்சிருக்கணும், தப்பாவே இருக்கட்டும், கர்த்தாவே, என்னை முட்டாளாக்கிடு — அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். எழுத்துக் கற்ற பிறகு முதல் முறையாக எனக்குப் படிக்கத் தெரியாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன்.

ரூபன் போனை வாங்கினார். பார்த்தார். விரலால் மேலே தள்ளினார். ஐந்தாவதாக, கோட்டுக்குக் கீழே, ஏணி நின்றது.

சிரிப்பு நின்றது. ஒடெசா அக்கா உட்கார்ந்துவிட்டார். பாஸ்டர் பிரசங்கத்தை எங்கே விட்டோம் என்று மறந்து நேராக ஆசீர்வாதம் சொல்லிச் சபையை அனுப்பிவிட்டார். கடைசி வரிசையில் இருந்த கிளீட்டஸ் தொப்பியைத் தலையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனான். அவன் அணிதானே ஜெயித்தது?

வெர்லீன் வண்டியை எடுக்கவே இல்லை. சாவி அவள் கையிலேயே இருந்தது.

டிசம்பர் 5, திங்கள்

பேப்பரை நானே படித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. லாண்ட்ரி இல்லாத கொக்குகள் பழைய கொக்குகள் இல்லை என்று குழு சொல்கிறது. அவர்கள் வேலை "சிறந்த" நால்வரைத் தேர்ந்தெடுப்பதாம், அதிகம் "தகுதியான" நால்வரை அல்லவாம்.

இரண்டு சொல்லையும் டீச்சர் கொடுத்த அகராதியில் தேடினேன். சிறந்த — மற்றவற்றைவிட மேலானது. தகுதியான — உழைப்பால் உரிமை பெற்றது.

அப்ப எதுக்குடா ஆட்டம்? பதிமூணு சனிக்கிழமை எதுக்கு? முதல் நாளே நீங்க உக்காந்து யாரு மேல்னு எழுதி வச்சுக்க வேண்டியதுதானே?

டிசம்பர் 8, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை.

டிசம்பர் 13, செவ்வாய்

இன்றும்.

டிசம்பர் 14, புதன்

காலையில் கதவைத் திறந்தால் வாசல்படியில் ஒரு பை. வேகவைத்த கடலை, இன்னும் சூடாக. உள்ளே ஒரு காகிதம், கடலைத் தண்ணீரில் நனைந்து மை பரவியிருந்தது. கோணல் எழுத்து. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்.

"நீ சரியாத்தான் படிச்சே. கிளீட்டஸ்."

நாற்பது வருடம் பக்கத்து வீடு. பத்தடி நடந்து வந்து வாயால் சொல்லியிருக்கலாம். எனக்குப் படிக்கத் தெரியும் என்று தெரிந்து எழுதியிருக்கிறான். எனக்கென்று ஒருவர் கையால் எழுதி வந்த முதல் கடிதம் இது.

அடுப்பு மேல் காயப் போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 15, வியாழன்

வகுப்பு. டனவே டீச்சர் கேட்கும் முன்பே நானே அந்தக் காகிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன்.

டிசம்பர் 30, வெள்ளி

ஆறுதலுக்கு என்று கொடுத்த ஆட்டத்தில் ஐம்பத்தாறு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். பாதிப் பையன்கள் ஆடவே வரவில்லை. குழு சொன்னது சரிதான் என்று டிவியில் ஒருவர் சொன்னார். அணைத்துவிட்டேன்.

ஜனவரி 1, ஞாயிறு

காளைகளும் நேற்றுத் தோற்றுவிட்டார்கள். கிண்டல் செய்யலாம் என்று வேலி வரை போனேன். "மழை வரும் போலிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

நாளைக்கு வசந்தகால ஆட்டம், கொக்குகள் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடுவது. லாண்ட்ரி ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறானாம். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் புதுப் பெண் ராய்லின் காலையில் போன் செய்தாள். பழைய பலகைகள் உளுத்துவிட்டன, என்ன செய்வது என்று கேட்டாள். பலகை வேண்டாம், கயிறும் பெயிண்டும் எடுத்து வை என்றேன்.

கயிறு பிடிக்க கிளீட்டஸ் வந்தான். காளை படம் போட்ட தொப்பியோடு. ஆறு எழுத்தையும் கையால் போட்டேன், ஏணியில் தொடங்கி. முடிக்கும்போது மதியம் ஆகிவிட்டது. முழங்கால் இரண்டும் வெள்ளை.

எப்படித் தெரிகிறது என்று பார்க்க அவன் பார்வையாளர் படிகளில் ஏறி உச்சிக்குப் போனான். அங்கிருந்து கையைக் குவித்துக் கத்தினான்.

"ஹோசியா! நடுவுல ரெண்டு எழுத்து மாறியிருக்குடா!"

ராய்லின் பதறிப்போய் என்னைப் பார்த்தாள். நான் ஏறிப் போய்ப் பார்க்கவில்லை. பிரஷ்ஷைக் கழுவப் போனேன்.