இலைத் தராசில் ஏறிய பிள்ளை

கட்டபெட்டு,
12-9-1996

அன்பு மகள் சுலோச்சனாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் துபாயில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை அம்முணி.

போன வாரம், நீ என்னிடம் விட்டுப்போன உன் மகள் நித்யாவின் பள்ளிக்கூடத்துக்கு டாக்டர்கள் வந்து பிள்ளைகளைப் பார்த்தார்கள். எடை அதிகமாம், பத்து வயதுப் பிள்ளைக்குப் பிரஷர் இருக்கிறதாம். மெஷின் கோளாறு என்று அங்கேயே சண்டை போட்டேன். கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். சம்பள நாளில் தேயிலை நிறுக்கிற தராசில் பிள்ளைகளை ஏற்றிப் பார்ப்பது நம் எஸ்டேட் லைன் வீடுகளில் வழக்கம்தானே, போன மாதம் நித்யாதான் எல்லோரையும்விட அதிகம். ராசாத்தியாட்டம் இருக்குதுங்க உங்க பேத்தி என்று கணக்குப்பிள்ளை பவுல்ராஜ் சொல்ல, நான் பெருமையில் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அட கடவுளே, எதற்கு அப்படிச் சந்தோஷப்பட்டோம்!

குடும்பத்தில் யாருக்குப் பிரஷர் இருக்கிறது என்று கோத்தகிரி டாக்டரம்மா கேட்டார். யாருக்கு இல்லை? என் அப்பன் இலைக்காட்டிலேயே விழுந்து செத்தார், நான் மாத்திரையில் ஓடுகிறேன், உன் அம்மா கைகால் விழுந்து படுத்த படுக்கை. உங்க ரத்தத்துலயும் இருக்குதுங்க, நீங்க ஊட்டற சோத்துலயும் இருக்குதுங்க என்றார். சோற்றில் உப்பைக் குறைக்கலாம், ரத்தத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஓடியாடி விளையாட விடச் சொல்கிறார், சிறுத்தை திரிகிற பாதையில் பிள்ளையை எப்படி விடுவேன்? குளிருக்கு டி.வி. முன்னால்தான் சுருண்டு கிடக்கிறாள்.

நேற்று உன் அம்மா, நான் டீயோடு கொடுத்த வர்க்கி பிஸ்கட்டைத் தின்னாமல் தலையணைக்கடியில் ஒளித்துவைத்து, பேத்தி வந்ததும் வாயில் வைத்தாள். பேச்சும் போய், அசைகிற அந்த இடது கை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். நான் வெறிபிடித்தவன்போல் பிடுங்கி எறிந்தேன். அதே கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நித்யா என்னையே பார்த்து, நானும் அம்மிச்சியாட்டம் படுத்துக்குவனா அப்பிச்சி என்று கேட்டாள். நான் குனிந்து, எறிந்த வர்க்கியைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

நீயும் அங்கே பிரஷர் பார்த்துக்கொள், மறக்காதே. பால்பவுடர், சாக்லேட் பெட்டி இனி அனுப்ப வேண்டாம். நூறு வயது இருங்கள் என்று வாழ்த்துகிறேன், நம் வீட்டில் அது யாருக்குப் பலித்தது? பிள்ளை கேட்டதற்கு நீயாவது ஒரு பதில் எழுது. படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கந்தப்பன்