அத்தை வீட்டுச் சந்துக்கு நீ வழி சொன்னது பற்றி

அன்புள்ள மகளுக்கு,

உன் அத்தையின் பிழைப்பை நீ கெடுத்துவிட்டாய். நலம் கேட்பதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன், எழுதிவிட்டேன், இனி நலம் கேட்கிறேன். நன்றாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, மலை ஏறி ஏறி முழங்கால் வலிக்கிறது என்றாயே அது எப்படி இருக்கிறது. இங்கே அம்மாவுக்குச் சளி விட்டுவிட்டது. எனக்கு இடது கண்ணில் புரை, அறுவை செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர், பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நல்ல செய்தி இவ்வளவுதான். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நீ பாதியில் அழுகிறாய், இல்லாவிட்டால் சிக்னல் போய்விடுகிறது, நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

போன முறை வந்தபோது அத்தை வீட்டுச் சந்தில் நீ எடுத்த படம் நன்றாகத்தான் இருக்கிறது. நல்லதை மோசம் என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை. தங்கும் விடுதிக்காக அத்தை துவைத்த வெள்ளைப் படுக்கை விரிப்புகள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வரிசையாகத் தொங்குகின்றன, நடுவில் வெயில் இறங்குகிறது, ஓரத்தில் உன் அத்தை கிளிப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு நிற்கிறாள். படம் வந்த அன்று தெருவில் எல்லாருக்கும் காட்டியது நான்தான். என் சண்டை படத்தோடு இல்லை, அதன் கீழே நீ எழுதியதோடு. பார்க்க வேண்டிய இடங்கள் என்று இணையத்தில் நீ போடுகிற வரிசையில் இதையும் போட்டு, யாருமே அறியாத ஒரு சந்தைக் கண்டுபிடித்தேன் என்று எழுதியிருக்கிறாய். யாருமே என்றால் யார்? தபால்காரருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், சிலிண்டர் தூக்கிக்கொண்டு வருகிறவர் அங்கே திரும்ப இடமில்லாமல் ஒவ்வொரு முறையும் திட்டுகிறார். நீ நடை பழகியதே அந்தச் சந்தில்தான், அதில் எதைக் கண்டுபிடித்தாய்? அதோடு விட்டாயா? பேருந்து நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், காலையில் எந்த நேரத்துக்கு வந்தால் வெயில் துணிக்குள் நுழையும், என் அத்தை தங்கமானவர், யாரையும் ஒன்றும் சொல்லமாட்டார் என்று வேறு. யாரைக் கேட்டு எழுதினாய்?

முதலில் இரண்டு பேர் மூன்று பேராக வந்தார்கள். அத்தைக்கும் சந்தோஷம்தான், குடிக்கத் தண்ணீரெல்லாம் கொடுத்தாள். பிறகு கூட்டம் வந்தது. ஈர விரிப்பை விலக்கி முகத்தை மட்டும் நீட்டுவது, கன்னத்தில் வைத்து அழுத்திக்கொள்வது, உடம்பில் சுற்றிக்கொண்டு ஓடுவது, தின்ற கையை அதிலேயே துடைப்பது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி படமெடுக்க ஆள் வைத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணின் உதட்டுச் சாயம் ஒரு விரிப்பில் ஒட்டிக்கொண்டது அத்தைக்குத் தெரியவில்லை, மடித்து அனுப்பிவிட்டாள். அது விரித்த அறைக்கு ஒருவர் தன் மனைவியோடு வந்து தங்கியிருக்கிறார். அங்கே நடந்த கூத்தை நான் விவரமாக எழுத வேண்டியதில்லை. விடுதி மேனேஜர் நேரில் வந்து, “அம்மா, உங்க கை சுத்தம் எனக்குத் தெரியும், ஆனா வர்றவங்ககிட்ட அதை யாரு போய்ச் சொல்றது” என்று வருத்தப்பட்டுவிட்டு, சலவையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அத்தை பொறுக்க முடியாமல், “இங்க என்ன கண்காட்சியா நடக்குது, போய் உங்க வீட்டுத் துணியைக் கட்டிப் பிடிங்க” என்று கத்த, அதையும் ஒருவன் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அதிலிருந்து ஆட்கள் துணிக்காக வருவதில்லை, திட்டு வாங்குவதற்காக வருகிறார்கள். வாசலில் நின்றுகொண்டு, “அத்தை, வெளிய வாங்க அத்தை, ஒரே ஒரு தடவை திட்டுங்க அத்தை” என்று கெஞ்சுகிறார்கள். என் தங்கையை அத்தை என்று கூப்பிட நீயும் உன் தம்பியும்தான் இருந்தீர்கள், இப்போது போகிறவன் வருகிறவன் எல்லாம் அவளுக்கு மருமகன். போன வாரம் உன் தம்பி போய்க் கதவைத் தட்டி அத்தை என்றதும், உள்ளேயிருந்து “எவன்டா அவன், செருப்பு பிஞ்சிடும்” என்று சத்தம் வந்திருக்கிறது. நான்தான் அத்தை என்று இன்னொரு தடவை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, திரும்பி வந்துவிட்டான். அன்று சாப்பிடவும் இல்லை.

அவள் இப்போது கொடிக்கயிற்றையே அவிழ்த்துவிட்டாள். வருகிறவர்கள் ஏமாந்து போய்விடக் கூடாதே என்று முனையில் இருக்கும் டீக்கடைக்காரர் புது விரிப்புகள் வாங்கிச் சந்தில் கட்டியிருக்கிறார். யாரும் படுத்ததும் இல்லை, யாரும் துவைத்ததும் இல்லை, காலையில் வாளித் தண்ணீரைத் தெளித்து ஈரமாக்குகிறார். டீ குடித்தவர்கள் மட்டும் படம் எடுக்கலாம் என்று அட்டை வேறு. போய்க் கேட்டேன். “அண்ணே, உங்க பொண்ணு காட்டின வழிதானே” என்றார். திரும்பி வரும்போது என் பழைய வேலை நினைவுக்கு வந்தது. சுற்றுலாப் பேருந்து ஓட்டித்தான் உங்களை வளர்த்தேன். ஆட்கள் இறங்குவார்கள், படம் எடுப்பார்கள், ஏறுவார்கள், நான் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பேன். எங்கள் வண்டியைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள், திமிர் பிடித்தவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அத்தையும் நானும் இப்போது பேசுவதில்லை. டீக்கடை முன்னால் நாலு பேர் நிற்கும்போது வந்து, “நல்லா வளர்த்திருக்க அண்ணா, என் வாசலையே வித்துட்டா உன் பொண்ணு” என்றாள். என் பெண்ணைப் பற்றித் தெருவில் நின்று பேசாதே என்று சொன்னேன். அது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன், வீட்டுக்குள் வந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். உன் அம்மா தினமும், “ஒரு வார்த்தை போய்ப் பேசுங்க, இறங்கிப் போனா குறைஞ்சா போயிடுவீங்க” என்கிறாள். நான் போகவில்லை. நீ மன்னிப்புக் கேட்டுக் கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் போனில் அனுப்பினாயாமே, அம்மா கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, “யாரு அண்ணி இது” என்று கேட்டாளாம். படத்தைத்தான் நீக்கிவிட்டேனே என்கிறாய். நீ நீக்கினாய், உன்னைப் பார்த்துப் போட்டவர்கள் நீக்கினார்களா?

இந்த மாதக் கடைசியில் அவள் வீட்டைக் காலி செய்கிறாள். ஒரு சலவை இயந்திரத்தை விற்றாகிவிட்டது. மகன் தங்கியிருக்கும் ஒற்றை அறையில் போய் ஒண்டிக்கொள்கிறாளாம். புருஷன் போன பிறகு ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் நிமிர்ந்து நடந்தவள், இனி மகன் வேலைக்குப் போன பின்னால் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறாள். போனால் திரும்பி வரமாட்டாள், அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்ததுதானே. கூப்பிடு தூரத்தில் அவள் இல்லாமல் நான் இருந்ததில்லை.

நீ போகிற வழியெல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும், நினைத்த வேலை கைகூட வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது. திட்டினவன்தான் சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன். வெளியே தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே.

இனி செய்ய வேண்டியது. மாதம் முடிவதற்குள் நீ வர வேண்டும், கேமராவை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு வராமல் பையோடு நேராக அவள் வீட்டுக்குப் போ. திட்டுவாள், முழுக்கக் கேள், காரணம் சொல்லாதே. அந்த இடத்தைப் போட்ட ஒவ்வொருவருக்கும் எழுதி நீக்கச் சொல்வதும் உன் பொறுப்பு. சந்து முகப்பில் கதவு வைக்க அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்கி நகராட்சியில் கொடுப்பது தம்பி. விடுதி மேனேஜரிடம் பேசுவது அம்மா, நான் போனால் சண்டையாகிவிடும். டீக்கடைக்காரரின் விரிப்புகளை அவிழ்ப்பது நான், அதற்கு யாரையும் கேட்கப் போவதில்லை. அத்தையிடம் நானாகப் பேச்சை ஆரம்பிக்க மாட்டேன், ஆனால் நீ கதவைத் தட்டும்போது உன் பின்னால் நிற்பேன். அத்தை செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் பிறகு போகத்தான் போகிறேன் என்று சொன்னால், குறுக்கே நின்று அழாதே. மிச்சம் இருக்கிற இயந்திரத்தை ஒரு பக்கம் நீ பிடி, மறு பக்கம் நான் பிடிக்கிறேன், வண்டியில் ஏற்ற வேண்டும்.

கோபம் இன்னும் ஆறாத
உன் அப்பா