கர்க்கடகத்தில் வெட்டிய கிணறு

பாறசாலை
22.9.1996, ஞாயிறு

அன்பு மகள் பிரேமகுமாரிக்கு அப்பன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் எனக்கும் உன் அம்மைக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை, குவைத்தில் நீயும் அப்படியே இருக்கவேண்டும். குறை வேறு இடத்தில். உன் சித்தப்பா ராஜதாஸ் நம் புதுவீட்டுக்குப் பஞ்சாயத்து நம்பர் கிடைக்கக்கூடாது என்பதற்காகவே, நம் கக்கூஸ் குழியிலிருந்து ஐந்தே மீட்டர் தள்ளி, அடுத்திருக்கும் அவன் விளையில் ஒரு கிணறு வெட்டிவிட்டான். குழிக்கும் கிணற்றுக்கும் ஏழரை மீட்டர் வேண்டும் என்பது சட்டம். நான் குழி எடுத்தது மேடமாதத்தில், அன்று அவன் கிணறு இருக்கும் இடத்தில் மரச்சீனிக் கிழங்குதான் நின்றது. புதுவீட்டில் நம் கிணற்றிலிருந்து ஒன்பது மீட்டர் நானே டேப் பிடித்து அளந்து எடுத்த குழி அது. அவன் வெட்டியது கர்க்கடகத்தில். கொட்டுகிற மழையில் எவனாவது கிணறு வெட்டுவானா, நீயே சொல். மீனத்திலும் மேடத்திலும் தண்ணீர் அடியில் கிடக்கும்போது வெட்டினால்தானே கோடையிலும் ஊற்று நிற்கும். குடும்பவீடு பங்கில் அவனுக்குப் போயிற்று, இங்கே பின்பக்கத்து இரண்டு அறையில் நாங்கள் அவன் தயவில் இருக்கிறோம், இந்த வீட்டுக் கிணறு வற்றி நான் கண்டதில்லை. பிறகு இரண்டாவது கிணறு எதற்கு?

காரணம் உனக்குத் தெரியும். புதுவீட்டின் தெற்கே அவனுக்குக் கார் போக வழி விடச் சொன்னான், நான் விடவில்லை. அன்றிலிருந்து சாயாக்கடையில் இருந்துகொண்டு, “அண்ணன் படிச்சது ஏழாம் கிளாஸ், கெட்டுனது எஞ்சினியர் வீடாக்கும், நம்பர் வரட்டு பாப்போம்” என்று சிரிக்கிறானாம். கிணறு வெட்டிய கிருஷ்ணன்குட்டியைச் சந்தையில் பிடித்துக் கேட்டேன். அவன் முதலிலேயே, “மழையில வெட்டுன கெணத்துல மீனத்துக்குத் தவளைக்கும் வெள்ளம் காணாது அண்ணாச்சி” என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். அதற்கு உன் சித்தப்பா, “வெள்ளம் எனக்கு வேண்டாம் மக்கா, கெணறு மதி” என்றானாம். தண்ணீர் வேண்டாதவனுக்குக் கிணறு மட்டும் போதுமாம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

ஓவர்சியர் அக்டோபர் ஒன்பதாம் தேதி புதன்கிழமை வீடு பார்க்க வருகிறார். அவர் கையொப்பம் போட்டால்தான் நம்பர், நம்பர் வந்தால்தான் கரண்டு. அந்தத் தேதியை உனக்கு எழுதியதோடு சரி, வேறு ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. போன வாரம் வெள்ளிக்கிழமை நீ இங்கே அவன் போனில் கூப்பிட்டாய், மறுநாள் காலையில் அவன் பல் தேய்த்துக்கொண்டே, “ஒம்பதாம் தேதி ஆளு வருதாமே அண்ணே” என்கிறான். உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை, ஆனால் எப்படித் தெரிந்தது என்பதை நீதான் சொல்லவேண்டும். குழி எந்தப் பக்கம் என்பதையும் நீதான் சொன்னாயோ என்று நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் மற்றது எல்லாம் தயார். கான்கிரீட் வார்ப்புக்கு முட்டுக்கொடுத்த கம்புகளை எடுத்துவிட்டேன், சுண்ணாம்பு நீற்றுக்குழியை மூடினேன், மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாமல் இருந்ததற்குக் கம்பி வளைத்து நானே வைத்தேன், வடக்கு சன்ஷேடு பிளானில் இருப்பதைவிட நாலு விரல் நீண்டு நின்றது, அதையும் உளி வைத்துக் கொத்திச் சரியாக்கினேன். என் பக்கம் ஒரு விரல் குற்றம் இருக்கக்கூடாது. உன் அம்மை மட்டும், “ரெண்டரை மீட்டர் மாத்தி வேற குழி எடுத்தா தீருமே” என்கிறாள். முதலில் வந்தது என் குழி என்றேன். “குழியிலயுமா மூப்பு எளமை பாக்கது” என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். மாற்றினால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடும்.

தினமும் காலையில் அவன் கிணற்றில் கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பார்க்கிறேன். சிங்கமாதம் ஒன்றாம் தேதி ஆறடித் தண்ணீர், இன்று ஒன்றரை அடி. துலாமாதத்து மழை தொடங்கும் முன்னால் ஒன்பதாம் தேதி வந்துவிடும், அன்று அது காய்ந்த குழியாகத்தான் இருக்கும். காய்ந்த குழியைக் கிணறு என்று ஓவர்சியர் எப்படி எழுதுவார்? என் பயம் வேறு ஒன்று. நேற்று உன் சித்தி புஷ்பபாய் அறுபதடி ஹோஸ் வாங்கி வந்திருக்கிறாள். ரோஜாவுக்காம். இந்த விளையில் ரோஜா எங்கே நிற்கிறது? பழைய கிணற்றுத் தண்ணீரைப் புதுக்கிணற்றில் விட்டு நிரப்பத்தான் அது.

இங்கே தபால்காரன் வருகிற எல்லாக் கடிதத்தையும் அவன் கையில்தான் கொடுக்கிறான், போகிறதை மட்டும் காட்டாமல் இருப்பானா? அதனால் இதை விடுமுறை முடிந்து குவைத்துக்குத் திரும்பும் விஜயதாஸ் கையில் தருகிறேன். ஒட்டின இடம் பிரிந்திருந்தால் எனக்கு எழுது.

இனி நடக்கவேண்டியது இது. உன் அம்மை அந்த ஹோஸ் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ளவேண்டும், ஒத்துக்கொண்டிருக்கிறாள், சிரித்துக்கொண்டுதான். கிருஷ்ணன்குட்டி ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு வந்து என்னிடம் சொன்னதை ஓவர்சியர் முன்னால் சொல்லவேண்டும். நீ அக்டோபர் நாலாம் தேதி வெள்ளிக்கிழமை போன் பண்ணும்போது சித்தப்பாவைப் போனுக்குக் கூப்பிடச் சொல்லி, அந்தக் கிணறு எதற்கு வெட்டினீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும். உன்னிடம் அவன் பொய் சொல்லமாட்டான், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அவன் சொல்வதை ஒரு சொல் குறையாமல் அம்மையிடம் சொல், வேறு ஒன்றும் பேசாதே, தேதியை வாயிலேயே எடுக்காதே. கர்த்தர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காக்கட்டும், வெயிலில் அலையாதே, சாப்பாட்டை முடக்காதே. மீதி என் வேலை. டிசம்பர் முப்பதாம் தேதி நீ கல்யாணத்துக்குச் சபைக் கோவிலுக்கு இறங்குவது ராஜதாஸின் வாசலிலிருந்து அல்ல. நம்பர் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி, பெட்ரோமாக்ஸ் கொளுத்தியாவது புதுவீட்டு வாசலிலிருந்துதான் உன்னை இறக்குவேன்.

இப்படிக்கு,
உன் அப்பன்
பொன்னுதாஸ்