அரை மைல் சூறாவளி

பிராட், கான்சஸ்
மே 9, 1994

அன்புள்ள லோர்னா அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உன் தம்பியின் மேலுதட்டில் மீசை உதயமாகிவிட்டது. மொத்தம் ஏழு முடி. அதில் ஒன்று சந்தேகத்துக்குரியது.

என் குரல் கேட்டாலே போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். போன வருடம் சூறாவளியைப் படமெடுக்கத் துரத்திப் போனபோது, அதற்கு இரண்டு மைல் இருக்கும்போதே நீ வண்டியைத் திருப்பினாய், நான் உன்னைத் தொடைநடுங்கி என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு வருடக் கோபமா?

இப்போது பெரிய செய்தி. சனிக்கிழமை அபாயச் சங்கு ஊதியது. ஊரே வழக்கம்போல உள்ளே ஓடாமல் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தது. அப்பா காபியோடு வந்தார். நானும் பக்கத்துப் பண்ணை ஆர்வில் மாமாவும் கிளம்பிவிட்டோம். கோதுமை வயல் நடுவே கறுப்புத் தும்பிக்கை! அரை மைல்தான்! இறங்கி, முக்காலியை ஊன்றி, ஒரு பிலிம் சுருள் முழுக்கப் படம் எடுத்தேன். சூறைக்கே நான் சூரன் என்று ஊர் பேசுகிறது. (ஊர் என்றால் நான்.)

நீ ஓட்ட, நான் எடுக்க, பழையபடி போகலாம், வாயேன். மாமா ரேடியோவில் பன்றி விலை நிலவரம் மட்டும்தான் வைக்கிறார்.

சூரன்,
கிளின்ட்

விச்சிட்டா
மே 14

டேய் கிளின்ட்,

ஏழு முடிக்கும் தனித்தனியே ஆசி.

அன்று நீ கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தார் முடிந்துவிட்டது, முன்னால் நனைந்த மண் சாலை. சிக்கியிருந்தால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகளும் போயிருப்போம். நீ சொன்ன சொல்கூடப் பரவாயில்லை. அதை உணவுக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னாய், எல்லாரும் சிரித்தார்கள். அதுதான்.

அரை மைல் படத்தை அனுப்பு. வருவதா வேண்டாமா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

லோர்னா

பிராட்
மே 20

அக்கா,

படம் இத்துடன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார். மின்கம்பத்துக்கு வலப்பக்கம் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி இருக்கிறதே, அதுதான். ஐந்து மைல். மீதி முப்பத்தைந்து படமும் என் காலணி. கை நடுங்கி அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். முக்காலி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. நானும்தான்.

"இன்னும் கிட்டப் போலாமாடா?" என்றார் மாமா.

"வேணாம் மாமா, திருப்புங்க! இப்பவே திருப்புங்க!"

"அட, அது வடக்கால போகுதுடா."

"போகட்டும், நாம தெக்கால போவோம்!"

"உங்கக்கா ரெண்டு மைல் வரைக்கும் போச்சேடா!"

நேற்று அதே உணவுக்கடையில், எல்லார் முன்னாலும், எழுந்து நின்று முழுசாகச் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தொடைநடுங்கிப் பட்டம் இனி எனக்குத்தான். மன்னித்துவிடு அக்கா.

ஓட்ட வா. எங்கே திருப்புவதென்று நீயே முடிவு செய். அதற்கு முன்பே நான் கத்திவிட்டால், காதில் விழாத மாதிரி இருந்துகொள்.

உன் தம்பி,
கிளின்ட்