சரணாலயத்தில் அக்காவைத் தேடிய பொழுது

கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

பட்டாசு விபத்தில் காது கேட்காமல் போனதிலிருந்து அக்கா வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. ஒரு வருடமாகிவிட்டது. இன்று நான்தான் பிடிவாதமாக ஊருக்கு வெளியே இருக்கும் சரணாலயத்துக்கு அழைத்துப்போனேன். வாசலில் வாடகைக்கு இரண்டு சைக்கிள் கேட்டேன். அக்காவுக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் காவலர் தயங்கினார்.

"பின்னால மணி அடிச்சா அவுகளுக்குத் தெரியாதேம்மா."

"பின்னால நாந்தான வாரேன்" என்றேன்.

முதலில் மெல்லத்தான் மிதித்தாள். உடைமரங்களைத் தாண்டியதும் வேகம் பிடித்தாள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு நான் வந்தபோது அவளைக் காணவில்லை. "அக்கா! அக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவளுக்குக் கேட்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. அழுதுவிட்டேன்.

டயர்த் தடத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். கண்மாய்க் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அசையாமல் நின்றிருந்தாள். எதிரே ஒரு புள்ளிமான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் வந்த சத்தத்தில் அது பாய்ந்து ஓடியது. அக்கா திரும்பி முறைத்தாள்.

"ஏன்டி வெரட்டிவிட்ட? எம்புட்டு நேரமா பாத்துக்கிட்டு நிக்கேன்!" என் கண்ணைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "காலண்டர் கம்பெனியில சீசன் வேலைக்குக் கூப்புட்டாகல்ல, நாளைக்குப் போறேன். நீ கூட வர வேண்டாம்."

அவள் நடந்துபோக வேண்டிய பஸ் ஸ்டாண்டு ரோட்டில் ஓடும் லாரிகள்தான் நினைவுக்கு வந்தன. ஆனாலும் அவளுக்குப் புரியும்படி உதட்டை நன்றாக அசைத்து, "சரி" என்றேன்.

இப்போது அடுத்த அறையில் நாளைய சேலைக்கு இஸ்திரி போடுகிறாள். அவள் தனியாகப் போய்வந்துவிடுவாள். நான்தான் நாளை சாயங்காலம் அவள் திரும்பும் வரைக்கும் வாசலைப் பார்க்காமல் இருக்க வேண்டும். இருந்துவிடுவேன்.